கேட்டால் மட்டும் போடும் சாயம்

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே அம்மாவும், உன் வீட்டுக்காரனான என் தம்பியும், நானும் நலம். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீ நலமா என்று கேட்கத்தான் மீதிக் கடிதம் முழுவதும் இருக்கிறது.

நீ இந்த வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. என் போனை நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். அதில் நான் குறை சொல்ல எதுவுமில்லை. அதனால் கூரியரில், உன் அண்ணன் பெயருக்கு அனுப்புகிறேன். நீ வாங்க மறுத்தால் அவர் கடைசித் தாளை மட்டும் கிழித்துக்கொண்டு உன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அந்தத் தாள் உனக்கு ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டருக்கும் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்கும். மற்ற தாள்கள் உனக்கு.

உனக்குப் பித்தப்பையில் கல், பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்று தம்பி போன ஞாயிற்றுக்கிழமை சொன்னான். உன் அண்ணன் அவனுக்கு போன் செய்து தெரிவித்தாராம். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுபோனது என்று சாப்பிடும்போது சொல்வானே, அதே குரலில்தான் இதையும் சொன்னான். சின்ன ஆபரேஷன்தானாம், ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம் என்றான். பாத்து இருந்துக்கச் சொல்லு என்று அம்மா சொல்லிவிட்டு மோரை என் பக்கம் நகர்த்தினாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன். ஏன் என்று இருவரும் கேட்டார்கள். அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன வேலை செய்கிறேன் என்று உன்னிடம் நான் விளக்கிச் சொன்னதில்லை. லேப் என்று மட்டும் சொல்வேன். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துணுக்கு, பயறளவுகூட இருக்காது, எங்களிடம் வரும். அதை மெழுகில் புதைத்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் போட்டுக் கொடுப்பேன். டாக்டரம்மா அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதுவார். எல்லாத் துணுக்குக்கும் வழக்கமாகப் போடுவது இரண்டு சாயம்தான். ஒன்று ரோஸ், ஒன்று கருநீலம். இருபத்திரண்டு வருஷமாக இந்த இரண்டு நிறத்தில்தான் மனுஷர்களைப் பார்த்து வருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு லாரி டிரைவரின் தோல் துணுக்கு வந்தது. குளவி கொட்டியதும் வண்டியை ஓரங்கட்டக்கூட நேரமில்லாமல் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டாராம். பிழைத்துக்கொண்டார். டாக்டரம்மா இதற்கு வேறொரு சாயமும் வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார். அந்தச் சாயத்தை அவர்கள் கேட்டால் மட்டும்தான் போடுவோம். நீலச் சாயம் அது. மற்ற செல்லெல்லாம் அதில் நீலமாகத்தான் தெரியும். மாஸ்ட் செல் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் இருக்கிற பொடி மணிகள் மட்டும் ஊதாவாக மாறிவிடும். சாதாரணமாக மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அந்த டிரைவருக்கு எறும்புப் புற்று கலைந்த மாதிரி இருந்தது.

சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நம்பர் ஒட்டுவதற்காகச் சீட்டை எடுத்தேன். நாங்கள் நோயாளியின் கதையைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. அன்றைக்குப் படித்தேன். தொடையிலும் வயிற்றிலும் பழுப்புப் புள்ளிகள். தேய்த்தால் தடித்துச் சிவக்கும். வெந்நீரில் குளித்தால் முகமும் கழுத்தும் சிவந்து படபடப்பு. அடிக்கடி வயிற்றுப்போக்கு. வலி மாத்திரை போட்டபின் ஒரு தடவை மயக்கம். நாலைந்து வருஷமாகப் பல டாக்டர்கள், எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்றிருக்கிறார்கள். சீட்டில் மேலே ஆண், முப்பத்தெட்டு வயது என்று போட்டிருந்தது. அதை மறைத்துவிட்டால் அது உன் கதை.

நீ ஒரு தடவை என்னிடம் காட்டினாய். நீ மறந்திருக்கமாட்டாய். துணி மடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி, நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்களே, இது என்னன்னு பாருங்களேன் என்று சொல்லி, வயிற்றில் காப்பிப் பொடி சிந்தின மாதிரி இருந்த புள்ளிகளில் ஒன்றை விரலால் தேய்த்தாய். நான் பார்க்கப் பார்க்க அது கொசு கடித்த மாதிரி தடித்தது. அந்த டிரைவருக்கு வந்த நோயைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் செய்து பார்க்கிற சோதனையே அதுதான் என்று இப்போது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். சோப்பை மாத்திப் பாரு என்று அன்றைக்கு நான் சொன்னேன்.

மாஸ்ட் செல் கெட்ட செல் இல்லை. எல்லோருக்கும் உண்டு. தோலில், குடலில், மூச்சுக்குழாயில், ரத்தக் குழாய்களை ஒட்டி, வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும் முதலில் தட்டுப்படுகிற இடங்களில் உட்கார்ந்திருக்கும். அதன் மணிகளுக்குள் ஹிஸ்டமின் என்று ஒரு சரக்கு, இன்னும் சில. ஆகாத பொருள் ஏதாவது வந்தால் மணிகளை வெளியே கொட்டும். தும்மல், அரிப்பு, தடிப்பு, இழுப்பு எல்லாம் அந்தக் கொட்டலில் வருவதுதான். சிலருக்கு இந்தச் செல் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகிறது. அப்போது ஆகாத பொருள் என்று ஒன்று வர வேண்டியதே இல்லை. வெயில், வெந்நீர், தேய்ப்பு, சில வலி மாத்திரை, ஒரு பூச்சிக்கடி எதற்கும் கொட்டிவிடும். மொத்தமாகக் கொட்டினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாய்ந்துவிடும். பயத்துக்கும் கோபத்துக்கும்கூடக் கொட்டும். இதைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். சண்டை வந்தால் மட்டும் உனக்கு வியாதி வருகிறது என்று அம்மா சொன்னாள். முகம் சிவந்தபோதெல்லாம் தக்காளி என்று கூப்பிட்டது நான்.

தம்பியின் மேலாளர் குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்த நாளை இந்த மூன்று வாரமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். நீ காலையிலிருந்து அடுப்புப் பக்கம். பதினோரு மணிக்குத் தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டாய், கொடுத்தவள் நான். பன்னிரண்டரைக்கு அவர்கள் கார் வந்து நின்றது. நீ ஃப்ரிட்ஜ் பக்கத்தில் விழுந்தாய். சூடு, மாத்திரை, பதற்றம். இப்போது எண்ணிப் பார்த்தால் விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நாலு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. தம்பி அதை என்னிடம் நீட்டினான். இந்த வீட்டில் மருத்துவம் தெரிந்தவள் நான்தானே. சாப்பாட்டு மேஜையில் வைத்து, எல்லோரும் இருக்கும்போது, ரிப்போர்ட் எல்லாம் சுத்தமா இருக்கு, உடம்புல ஒண்ணும் இல்ல, மத்தவங்க பார்க்கணும்னு வர்ற வியாதி இது என்று சொன்னேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாய். பத்தாம் நாள் உன் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அந்த ரிப்போர்ட்டில் தப்பு இல்லை. கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் இருந்தது. இந்தச் செல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை, ஒரு தடவை டாக்டர் மாதிரி பேசியது போதும். ஆனால் இருந்தால், மயக்க மருந்து கொடுக்கும்போதும் வலி மருந்து கொடுக்கும்போதும் அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் மருந்தை மாற்றிக்கொள்வார்கள், முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தயார் செய்வார்கள், ஆபரேஷன் நல்லபடி நடக்கும். தெரியாமல் மேஜையில் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று எழுத விரும்பவில்லை. டிரிப்டேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு தோல் துணுக்கு. இரண்டையும் செய்யாமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதே.

கடைசித் தாளில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கியது. தப்பு இருக்காது.

என் மேல் உள்ள கோபத்துக்காக இந்தத் தாளைக் கிழித்துவிடாதே. கோபம் அப்படியே இருக்கட்டும், தாள் மட்டும் டாக்டர் கைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
அண்ணி

—

மார்ச் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல.

உன் அண்ணன் ஆறாம் தேதியே போன் செய்தார். எடுத்ததும், உங்களுக்கு இப்ப என்ன வேணும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், தாளைக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்துவிட்டேன் என்றார். அப்புறம் மயக்க மருந்து டாக்டர் அதை இரண்டு தடவை படித்ததாகவும், யார் எழுதியது என்று கேட்டதாகவும் சொன்னார். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது என்றதும் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். மின்சார வேலை செய்கிறவர் இல்லையா, ஒயரைத் தொடுகிற மாதிரியே என்னிடம் பேசினார்.

இருபதாம் தேதி உன் தோல் துணுக்கு எங்கள் லேபுக்கே வந்தது. உன் ஊர் ஆஸ்பத்திரியில் அந்தச் சாயம் இல்லை, அதனால் மெழுகுக் கட்டியாக இங்கே அனுப்பியிருந்தார்கள். சீட்டைப் பார்த்ததும் டாக்டரம்மாவிடம் போய், இது என் தம்பி மனைவி என்று சொன்னேன். அப்படியானால் நீங்கள் தொடக்கூடாது என்றார். பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்தேன். அவர் வேலையில் கெட்டிக்காரர், ஆனால் வேகமானவர். சாயத்தில் நேரம் முக்கியம், அவசரப்பட்டுக் கழுவிவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார். போனேன். டீ குடிக்கவில்லை.

ரிப்போர்ட் இதற்குள் உனக்கு வந்திருக்கும், சந்தேகப்பட்ட நோயேதான். நான் ஸ்லைடைப் பார்க்கவில்லை. முடிவு தெரிந்தபின் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று மெழுகுக் கட்டியை அலமாரியில் நம்பர்படி வைத்தேன். சரியான இடத்தில்தான் வைத்தோமா என்று திரும்பிப் போய் ஒரு தடவை பார்த்தேன்.

டாக்டர்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்தும் ஒரு துளி எடுக்கலாம் என்று சொல்வார்கள். தோலோடு நிற்கிறதா, உள்ளேயும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். பேரைக் கேட்டுப் பயந்துவிடாதே. உன் வயதில் இந்த நோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மெதுவான வகைதான், அவர்கள் மாத்திரையோடும் கொஞ்சம் ஜாக்கிரதையோடும் முழு ஆயுசும் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். உன் ஸ்லைடைப் பார்த்துவிட்டுச் சொன்னதால் இதை எழுதுகிறேன். ஆறுதலுக்காக எழுதவில்லை.

பேனா மாதிரி ஒரு ஊசி எழுதிக் கொடுப்பார்கள். அட்ரினலின். மூச்சு முட்டினாலோ, கண் இருட்டினாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் தொடையில் குத்திக்கொள்ள வேண்டும், துணிக்கு மேலேயே குத்தலாம். பிறகு ஆம்புலன்ஸ். ஊசியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, வெயிலிலும் வைக்காதே. நீ இப்போது வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறவர்களுக்கும் காட்டிவிடு. சொல்லக் கூச்சப்படாதே. நாலு வருஷம் சொல்லியும் கேட்காதவர்களோடு இருந்துவிட்டு உனக்குச் சொல்வதே அலுத்துப்போயிருக்கும். இவர்கள் கேட்பார்கள்.

உன் உடம்பு தேறி வர வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணி

—

மே 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு வரி. இரண்டு வருஷத்துக்கு இது அதிகம்தான். ஏப்ரல் இருபதாம் தேதி ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, நடுவில் ஒரு தடவை மட்டும் அழுத்தம் இறங்கியது, தயாராக இருந்ததால் உடனே சரிசெய்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன்.

கடைசி வரியில் நீ ஒன்று கேட்டிருந்தாய். எனக்கு எழுதினதை அங்கே எல்லார் முன்னாடியும் சொன்னீங்களா என்று. சொல்லவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனதும் பரிசோதனை செய்ததும் தம்பிக்குத் தெரியும். உனக்கு ஒரு நோய் இருப்பது தெரியும். நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் நான் சொல்லாமல் வைத்திருந்தேன். தள்ளிப்போட நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. உன் கடிதம் வந்த அன்றைக்கே சொன்னேன். அதே மேஜை, அதே நாற்காலி. நீ கேட்காவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நிச்சயமில்லை.

எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். சுற்றி வளைக்கவில்லை. பாப்பா என்னிடம் புள்ளியைக் காட்டினாள், நான் சோப்பை மாற்றச் சொன்னேன். மாத்திரை கொடுத்தது நான். ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாமல் தெரிந்த மாதிரி படித்தது நான். அவளுக்கு உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்னது பொய். இவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்மா முதலில் கேட்டது, அப்ப அந்தப் பொண்ணு நடிக்கலையா என்று. இல்லை என்றேன். நான் நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேனே என்றாள். மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு மாடி வீட்டு டீச்சரிடம் போனாள். திரும்பி வந்து, லட்சத்துல ஒருத்தருக்கு வர்றதாம், பெரிய டாக்டருங்களே தடுமாறுவாங்களாம்னு சொல்லிட்டேன் என்றாள். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. நீ சிரித்தாலும் சரி, எரிச்சல்பட்டாலும் சரி, நடந்ததை எழுதுகிறேன். அதற்கு அடுத்த நாள் எதிர் வீட்டுக்கும் போனாள். மொத்தம் நாலு வீடும் முடித்துவிட்டாள், முழங்கால் வலியோடு.

தம்பி சாப்பிட்டு முடித்தான். பிறகு, அவ நடிக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும் என்றான். அவள் விழுந்தபோது தூக்கினது நான்தானே, உடம்பு சில்லென்று இருந்தது, யாராலும் அப்படி நடிக்க முடியாது என்றான். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். நீ படிச்சவ, நீ சொன்னப்புறம் நான் என்ன சொல்றது என்றான்.

பாப்பா, அந்தப் பதிலுக்கு எனக்குக் கோபம் வந்தது. பழியை என் தலையில் வைத்துவிட்டுத் தப்பிக்கிறான் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், அவன் மறைந்துகொள்ள ஒரு சுவர் தேடினான், நான் சுவராக நின்றேன். சுவர் இல்லாவிட்டால் அவன் உன் பக்கம் பேசியிருப்பான் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். என் தம்பி என்பதற்காக அவனை நல்லவனாக்கி எழுத நான் இந்தக் கடிதத்தை எடுக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். டாக்டருக்கு எழுதின தாளின் நகல் இருக்கிறதா என்று கேட்டான். கொடுத்தேன். நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். ஐந்தாம் நாள் லேபுக்கே வந்து, அந்தப் பேனா ஊசியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டான். பழகுவதற்கென்று ஊசி இல்லாத பொம்மைப் பேனா ஒன்று வார்டில் உண்டு. நர்ஸிடம் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் நடைபாதையில் நின்று பேன்ட்டுக்கு மேலே தொடையில் குத்திப் பத்து வரை எண்ணினான். எடுத்துவிட்டு மறுபடி குத்தினான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவன் கவனிக்கவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அப்படித்தான் இருக்கும்போல.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் உன் ஊருக்கு வருகிறான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வந்து நிற்பதாக இருந்தான். திடீர் என்று எதுவும் அவளுக்கு ஆகாது, முன்னாலேயே தெரியட்டும் என்று நான்தான் தடுத்தேன். வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் உன் அண்ணனை ஒரு வார்த்தை சொல்லச் சொல். டிக்கெட்டை நானே ரத்து செய்துவிடுவேன். ஏன் என்று நானும் கேட்கமாட்டேன், அவனையும் கேட்க விடமாட்டேன்.

வரட்டும் என்றால், அவனுக்காகக் கடைக்கு லீவு போடாதே. வேலை முடியும்வரை எதிரே எங்காவது காத்திருக்கட்டும். அவனோடு திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவனிடம் கேட்க வேண்டியது உனக்கு நிறைய இருக்கும். அதை உடம்புக்காக அடக்கி வைக்காதே. அன்றைக்கு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள். நிழலாகப் பார்த்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொள். பிறகு ஒன்று விடாமல் கேட்டுவிடு. எனக்குச் சேர வேண்டியதையும் அவனிடமே சொல்லி அனுப்பு. மாற்றாமல் கொண்டு வந்து சேர்க்க வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் நலம் வேண்டும்,
அண்ணி